கமர்கட்டு குடுத்து வாயை மூட வச்ச கிரிக்கெட் கோச்சிங் – சேலத்துல ஒரு அப்பாவோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், சென்டர் பேரை போட மாட்டேன். குறையும் எழுதப்போறேன்ங்கிறது ஒரு காரணம். இன்னொன்னு, இப்பவே ரெண்டு நெட்ஸுக்கு நாப்பது புள்ளைங்க நிக்குது, பேரை போட்டா அடுத்த வாரம் அறுபது ஆயிடும், அப்புறம் எம்பொண்ணுக்கு சாயந்தரம் பூரா பேட்டிங் பத்து பால்தான் கெடைக்கும். கன்னங்குறிச்சி பக்கம், அவ்ளோதான் சொல்வேன், தேடுறவங்களுக்கு தானா கெடைக்கும்.

நான் செவ்வாப்பேட்டையில வெள்ளி கொலுசு பட்டறை வச்சிருக்கேன். பட்டறையில மெஷின் ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன்கிட்ட பேசுறதுக்கே கத்தணும், இருபது வருஷமா கத்திக் கத்தி தொண்டை அப்படியே செட் ஆயிடுச்சு, வீட்ல காபி கேட்டாக்கூட ஏன் சண்டை போடுறீங்கன்னு வீட்டுக்காரம்மா கேப்பாங்க. இந்த தொண்டையை வச்சுக்கிட்டுத்தான் போன வருஷம் வரைக்கும் எம்பொண்ணு மேட்சுக்கு போயிட்டு இருந்தேன். அவளுக்கு பதினொரு வயசு, லெக் ஸ்பின் போடுவா, ஆறாவது ஏழாவதா எறங்கி பேட்டிங்கும் ஆடுவா.

பழைய சென்டர்ல (அதுவும் பேர் வேணாம்) பேரன்ட்ஸ் எல்லாம் பவுண்டரி லைன்லயே நிப்போம், சில பேர் சைட் ஸ்கிரீன் பக்கத்துலயே சேரை போட்டு உக்காந்துக்குவாங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. நான் ஒவ்வொரு பாலுக்கும் "காலை முன்னாடி போடு", "தலையை தூக்காத", "ஏன் அதை விட்ட"ன்னு ஓயாம கமென்ட்ரி. ஒரு நாள் மேட்ச்ல நாலு ரன்ல போல்டு ஆயிட்டா. டீம் உக்காந்திருக்கிற பக்கம் வராம நேரா போய் ரோலருக்கு பின்னாடி உக்காந்துக்கிட்டா, பேடை கழட்டாமயே. நான் அப்பவும் அங்க போய் பேட் எப்படி எறங்கியிருக்கணும்னு கையால செஞ்சு காட்டிட்டு இருந்தேன், இப்ப நெனச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. திரும்பி வரும்போது வண்டியில கிரவுண்டுல இருந்து அஞ்சு ரோடு சிக்னல் வரைக்கும் பாடம் எடுத்தேன். சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி டப்புன்னு ஒரு சத்தம், என்னான்னு திரும்பி பாத்தா ஹெல்மெட் கண்ணாடியை எறக்கி விட்டுட்டா. அவ்ளோதான். ஒரு வார்த்தை பேசல.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா வயித்து வலி. மூணு வாரம் நான் நெசமாவே வயித்து வலின்னு நெனச்சு ஓமவாட்டர் குடுத்துட்டு இருந்தேன். நாலாவது வாரம் எங்க மாமியார், புள்ளைங்க அம்மாயின்னு கூப்பிடுவாங்க, அவங்கதான் "மாப்ள, சனிக்கிழமை நல்லா இருக்கு திங்கக்கிழமை நல்லா இருக்கு, நடுவுல மட்டும் என்ன வலி"ன்னு கேட்டாங்க. வெவரமான மனுசி.

சரி விஷயத்துக்கு வரேன். ஜூன்ல இந்த புது சென்டர்ல சேத்தோம், இப்ப எட்டு மாசம் ஆச்சு.

இங்க மொத நாள் புள்ளைங்களை ரெண்டு அசிஸ்டன்ட் கிரவுண்டை சுத்தி ஓட கூட்டிட்டு போயிட்டாங்க, மெயின் கோச் வேப்பமரத்தடியில பிளாஸ்டிக் சேர் போட்டு எங்களை உக்கார வச்சாரு. நான் பீஸ் பத்தி பேசப்போறாருன்னு பாத்தா, "உங்கள்ல யாரு நல்லா கிரிக்கெட் ஆடுவீங்க"ன்னு கேட்டாரு. பேங்க்ல வேலை பாக்குற ஒருத்தர் காலேஜ் டீம்ல ஆடுனதா சொல்லி கை தூக்குனாரு. அவரை நெட்டுக்குள்ள நிக்க வச்சு டென்னிஸ் பால் போட்டாரு, மெதுவாத்தான். எங்களை பாத்து, உங்க புள்ளைங்களுக்கு என்ன கத்துவீங்களோ அதை அப்படியே கத்துங்கன்னாரு. கேக்கணுமா, பதினஞ்சு பேரு ஆளுக்கு ஒன்னு. முன்னாடி வாங்க, பின்னாடி போங்க, அடிங்க சார், விடுங்க சார். ஆறு பால், ஆறும் மிஸ்ஸு. அஞ்சாவது பாலுக்கு மனுசன் எங்களை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. அப்புறம் எங்களை கம்முனு இருக்க சொல்லிட்டு அதே வேகத்துல இன்னும் ஆறு. நாலு பேட்ல பட்டுது, ஒன்னு வலையை கிழிக்கிற மாதிரி போச்சு.

அதோட விடல. பாக்கெட்ல இருந்து ஸ்டாப்வாட்ச் எடுத்தாரு. நம்ம புள்ளைங்களுக்கு பிட்ச் 18 யார்டு, பௌலர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போட்டாக்கூட பால் கையை விட்டு பேட்டுக்கு வர சுமாரா ஒரு செகண்டுதான்னு கணக்கு சொன்னாரு. அப்புறம் என்னை கைகாட்டி, நீங்க வழக்கமா என்ன கத்துவீங்களோ அதை ஒரு தடவை சொல்லுங்கன்னாரு. "காலை முன்னாடி போடு"ன்னேன். ஸ்டாப்வாட்ச்சை திருப்பி காட்டுனாரு, ஒரு செகண்டுக்கு மேல. பாலை பாத்து, யோசிச்சு, கத்தி முடிக்கிறதுக்குள்ள பால் கீப்பர் கையில இருக்கும். அப்ப நான் இத்தனை வருஷமா கத்துனது முடிஞ்சு போன பாலுக்கு. அது போய் சேர்றது அடுத்த பாலுக்கு, அந்த பால் வேற மாதிரி வந்திருக்கும். கணக்கு தெரிஞ்சவன்னு பேரு, கிராம் கணக்குல வெள்ளி நிறுக்கிற எனக்கு இது தோணவே இல்ல.

அப்புறம் ஒரு பேப்பர் குடுத்தாரு, தமிழ்ல டைப் பண்ணது, ஒரு பக்கம்தான். பவுண்டரிக்கு பின்னாடி பதினஞ்சு அடி தள்ளி கயிறு கட்டியிருக்கும், பேரன்ட்ஸ் அதை தாண்டக்கூடாது. கை தட்டலாம், ரெண்டு டீமுக்கும் தட்டணும். எப்படி ஆடணும்னு சொல்லக்கூடாது. அம்பயர்கிட்ட எந்த பேச்சும் கெடையாது. எம்பொண்ணை ஏன் எடுக்கல, எம்பையனுக்கு ஏன் ஓவர் தரலன்னு கேக்கணும்னா மேட்ச் முடிஞ்சு ஒரு நாள் கழிச்சுத்தான் கேக்கணும், அன்னைக்கே கேட்டா பதில் வராது. ஒவ்வொரு பேரன்டும் சீசன்ல ஒரு தடவையாவது லெக் அம்பயரா (பேட்ஸ்மேனுக்கு பக்கவாட்டுல தள்ளி நிக்கிற அம்பயர்) நிக்கணும். வீட்டுக்கு போற வழியில மேட்சை பத்தி புள்ளை ஆரம்பிச்சா பேசுங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க. அந்த கடைசி ரூல்தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துது.

இதெல்லாம் அவரே உக்காந்து யோசிச்சதுன்னு நெனச்சேன், அவரு அப்படியெல்லாம் பீத்திக்கல. இங்கிலாந்துல புட்பால் சங்கம் 2008ல ரெஸ்பெக்ட்னு ஒரு திட்டம் கொண்டு வந்து, சின்ன புள்ளைங்க மேட்ச்ல பேரன்ட்ஸை கோட்டுக்கு பின்னாடி தள்ளி நிறுத்துனாங்களாம், கயிறு ஐடியா அங்க இருந்து வந்தது. அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் ஒரு பொண்ணுங்க புட்பால் லீக் 1999லயே சைலண்ட் சண்டேன்னு வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா பேரன்ட்ஸும் கோச்சும் வாயே தொறக்கக்கூடாதுன்னு பண்ணியிருக்காங்க. நார்வேல 11 வயசு ஆகுற வரைக்கும் புள்ளைங்க போட்டிக்கு பாயின்ட் டேபிளே போட மாட்டாங்களாம். இதை கேட்டப்ப ஒரு அப்பா, அப்ப யாரு ஜெயிச்சான்னு எப்படி தெரியும்னு கேட்டாரு, கோச் "புள்ளைங்களுக்கு தெரியும் சார், அவங்க எண்ணிக்கிட்டேதான் இருப்பாங்க"ன்னாரு. வெளிநாட்டுல சில எடத்துல மேட்ச் அப்போ பேரன்ட்ஸுக்கு வாயில வச்சுக்க லாலிபாப் குடுக்கிற வழக்கமும் உண்டாம். நம்ம ஆளு லாலிபாப்புக்கு பதிலா கமர்கட்டு.

தேங்காயும் வெல்லமும் போட்டு கல்லு மாதிரி உருட்டியிருப்பாங்களே அதுதான். டாஸ் போடும்போதே ஒரு பையன் டப்பாவை எடுத்துட்டு கயிறு ஓரமா வருவான், எதிர் டீம் பேரன்ட்ஸ் உள்பட ஆளுக்கு ரெண்டு. வாயில போட்டா கரைய பத்து நிமிஷம் ஆகும், கடிக்க முடியாது, அதை வச்சுக்கிட்டு கத்தவும் முடியாது, கத்துனா வெளிய வந்து விழுந்துடும். எனக்கு விழுந்துச்சு. மூணாவது மேட்ச்ல பால் எம்பொண்ணு தலைக்கு மேல போறப்ப "பாப்பா பின்னாடி"ன்னு கத்திட்டேன், கமர்கட்டு போய் முன்னாடி உக்காந்திருந்த அம்மா முந்தானையில விழுந்துது. கோச் திட்டல. கத்துனா ஒரு தண்டனை இருக்கு, டிரிங்க்ஸ் பிரேக்ல ரெண்டு டீமுக்கும் தண்ணி பாட்டில் ரொப்பணும். இருபத்தி ரெண்டு பாட்டில். கேனை சாச்சு புடிச்சு ரொப்பிட்டு இருக்கும்போது எதிர் டீம் பையன் ஒருத்தன் வந்து "அங்கிள் நீங்க கத்துனீங்களா"ன்னு கேட்டான். ஆமாண்டா கண்ணுன்னேன். "எங்கப்பா போன மேட்ச்ல ரெண்டு தடவை ரொப்புனாரு"ன்னான், ஏதோ ரெகார்டு சொல்ற மாதிரி.

இப்ப அம்பயர் கதை. இந்த சென்டருக்கு நான் குடுக்கிற ஸ்டார்ல ரெண்டு இதுக்கு மட்டும்தான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஆகஸ்ட்ல என் முறை வந்துது. லெக் அம்பயர்தானே, சும்மா நிக்கிறதுதானே, ஓவர் முடிஞ்சா அந்தப் பக்கம் நடக்கிறதுதானேன்னு போய் நின்னேன். பதிமூணு ஓவர் வரைக்கும் சும்மாதான் நின்னேன். பதினாலாவது ஓவர்ல எதிர் டீம் பையன், ஒன்பது பத்து வயசு இருக்கும், பேடு முட்டிக்கு மேல தொடை வரைக்கும் வருது, அவ்ளோ சின்னப் பையன், ரெண்டாவது ரன்னுக்கு ஓடி வரான். கவர்ல இருந்து த்ரோ, கீப்பர் எடுத்து ஸ்டம்பை தட்டிட்டான். பையன் பேட் கோட்டு மேல இருக்கு. கோட்டுக்கு உள்ள இல்ல, மேல. பேட் நுனியில சுண்ணாம்பு ஒட்டியிருந்ததை நான் பாத்தேன். கோடு மேல இருந்தா அவுட்டுதான், கோட்டோட உள்பக்க ஓரத்தை தாண்டி தரையில படணும். இது எனக்கு நல்லா தெரியும், டிவியில ஆயிரம் தடவை பாத்திருக்கேன். ஆனா அங்க ரீப்ளே இல்ல, சுண்ணாம்பு கோடு பாதி காத்துல பறந்து போயிருக்கு, பெயில்ஸ் மொதல்ல விழுந்துதா பேட் மொதல்ல வந்துதான்னு பாக்க எனக்கு ரெண்டு கண்ணு பத்தல. இதுல கயிறுக்கு அந்தப் பக்கம் இருந்து "லைன்ல இருக்குங்க, நாட் அவுட்டுங்க, கண்ணு தெரியலையா"ன்னு ஒரு குரல். நல்ல கனமான குரல், என் குரல் மாதிரியே. எங்க பக்கம் ஃபீல்டிங்ல இருக்கிற பதினொரு புள்ளைங்க என்னையே பாக்குதுங்க, அதுல ஒன்னு எம்பொண்ணு. கை தூக்குனேன். கை நடுங்குச்சு, பொய் சொல்லல.

அந்த பையன் என்னை பாக்கல. ஸ்டம்பை பாக்கல, ஸ்கோர் போர்டை பாக்கல. அந்த குரல் வந்த பக்கம் அவங்க அப்பாவை பாத்தான். பாத்துட்டு தலையை குனிஞ்சுக்கிட்டு அவங்க டீம் உக்காந்திருக்கிற பக்கம் போகாம வேற பக்கமா நடக்க ஆரம்பிச்சான். நல்லவேளை அந்தப் பக்கம் ரோலர் எதுவும் இல்ல. கோச் ஓடிப்போய் தோள்ல கை போட்டு டீம் பக்கம் கூட்டிட்டு போனாரு.

பிரேக்ல அந்த அப்பா என்னை தேடி வந்தாரு. கோச் நடுவுல புகுந்து அவர் கையில மோர் டம்ளரை குடுத்து, நாளைக்கு சாயந்தரம் போன் பண்ணுங்க சார் எவ்ளோ நேரம் வேணா பேசலாம்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாரு. மறுநாள் அவர் போன் பண்ணவே இல்லயாம். ஒரு நாள் ஆறவிட்டா பாதி சண்டை தானா போயிடும்னு கோச் சொல்றது சரிதான். ரெண்டு வாரம் கழிச்சு ரிட்டர்ன் மேட்ச்ல மெயின் அம்பயருக்கு ஆள் வராம அந்த அப்பாவையே நிக்க வச்சாங்க, வைடு குடுக்க பயந்துக்கிட்டு மனுசன் ஒவ்வொரு பாலுக்கும் யோசிச்சாரு, பத்து ஓவர்ல சட்டை பூரா வேர்வை. வெளிய வந்து என்கிட்ட "இது பெரிய ரோதனையா இருக்குங்க"ன்னாரு. இப்ப நாங்க நல்லா பழக்கம், அவர் வீட்டு விசேஷத்துக்கு கொலுசு நம்ம பட்டறையிலதான்.

எங்க மாமியாரை மட்டும் எந்த ரூலும் ஒன்னும் பண்ண முடியல. பல்லு இல்ல, கமர்கட்டு குடுத்தா முந்தானையில முடிஞ்சு வச்சுக்குவாங்க. எதிர் டீம் பையன் அவுட் ஆனா "ஏன் சாமி, புள்ள அழுவுதே, இன்னொரு தடவை ஆடட்டுமே"ன்னு அம்பயரை பாத்து கேப்பாங்க, அதுவும் சத்தமா. நடத்தை விதிப்படி பாத்தா அம்பயர்கிட்ட பேசுறது தப்பு. ஆனா ரெண்டு டீமுக்கும் சமமா பரிஞ்சு பேசுறதால கோச் என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சுட்டு விட்டுட்டாரு.

நம்ம ஊர்ல ஒரு பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு அப்பா மனசுலயும் இந்தியா டீமுக்கு ஆடுன பௌலர் நடராஜன் இருக்காரு. தப்பு சொல்ல முடியாது, சின்னப்பம்பட்டி இங்கருந்து கூப்பிடு தூரம் மாதிரி, நெட் பௌலரா (பிராக்டீஸ்ல பால் போட மட்டும்) ஆஸ்திரேலியா போனவரு 2020-21 டூர்லயே ஒன்டே, டி20, டெஸ்ட் மூணுலயும் எறங்கிட்டு வந்தாருன்னா எந்த அப்பனுக்குத்தான் ஆசை வராது. ஆனா அவர் அப்பா தறி வேலை, அம்மா ரோட்டோரத்துல கடை. அவங்க ஞாயித்துக்கிழமை பவுண்டரில நின்னு யார்க்கர் போடு யார்க்கர் போடுன்னு கத்துனதா நான் எங்கயும் படிக்கல. அவர் பாட்டுக்கு டென்னிஸ் பால்ல வருஷக்கணக்கா போட்டு போட்டு கை பழகியிருக்கு. கத்தணும்னு ஆசையா இருந்தா வாழப்பாடி கிரவுண்டுல டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடக்கும்போது டிக்கெட் எடுத்து போய் நம்ம டீம் சேலம் ஸ்பார்ட்டன்ஸுக்கு கத்துங்க, அவங்க சம்பளம் வாங்குறவங்க.

டிசம்பர்ல ஏற்காட்டுக்கு ஒரு ஃபிரண்ட்லி மேட்சுக்கு கூட்டிட்டு போனாங்க, மேல ஒரு ஸ்கூல் கிரவுண்டு. வேன்ல இருபது கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவது வளைவுலயே ஒரு பையன் வாந்தி, அவனை பாத்து இன்னொருத்தன், ரெண்டு எலுமிச்சம்பழம் வேன் பூரா கை மாறி போச்சு. நாங்க பேரன்ட்ஸ் பின்னாடி கார்ல. பத்து மணிக்கு மேட்ச் ஆரம்பிச்சு எட்டு ஓவர் கூட ஆகல, பள்ளத்துல இருந்து பனி ஏறி வந்து கிரவுண்டை அப்படியே மூடிடுச்சு. கயிறுகிட்ட நின்னா பிட்ச் தெரியல. அம்பயர் மேட்சை நிறுத்திட்டாரு. புள்ளைங்க உள்ளயே இருந்துச்சு, யாரோ டென்னிஸ் பால் எடுத்துட்டு போயிருக்காங்க. எங்களுக்கு ஒன்னும் தெரியாது, சத்தம் மட்டும்தான். எஸ்ஸு, வெயிட்டு, நோ நோ நோ, ஏய் அது ஒன் பிட்ச் கேட்ச்டா, போங்காட்டம், அப்புறம் ஒரே சிரிப்பு. ரெண்டு டீமும் கலந்துக்கிட்டு ஆடுறாங்கன்னு குரலை வச்சு தெரிஞ்சுது. எம்பொண்ணு யாரையோ "ஏண்டா அழுவுற, நீ இன்னொரு தடவை ஆடு"ன்னு சொல்றது கேட்டுச்சு, அது அப்படியே அவ அம்மாயி குரல். நாங்க இருபது பேரு மிளகு போட்ட ஆம்லெட்டை கையில வச்சுக்கிட்டு பனிக்குள்ள காதை குடுத்துட்டு நின்னோம். அன்னைக்கு யாருக்கும் கமர்கட்டு தேவைப்படல. முக்கா மணி நேரம் கழிச்சு பனி விலகுனதும் எல்லாரும் பழையபடி அவங்கவங்க எடத்துக்கு போய் நின்னாங்க, மேட்ச் தொடர்ந்துது, நாங்க தோத்தோம்.

இப்ப குறைகள். இருக்கு, நெறையவே இருக்கு.

பாத்ரூம். ஒன்னே ஒன்னு, தாழ்ப்பாள் சரியில்ல, தண்ணி பாதி நாள் வராது. பொண்ணுங்க ஆறு பேரு இருக்காங்க, அவங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டு போயிட்டு வராங்க, அந்த அக்கா நல்லவங்க, ஆனா மாசம் 1,800 ரூபா பீஸ் வாங்கிட்டு இது நியாயமே இல்ல. மூணு தடவை சொல்லியாச்சு, அடுத்த மாசம் அடுத்த மாசம்னு போயிட்டே இருக்கு. ரெண்டாவது நெட்ல மேட் கிழிஞ்சு தூக்கிட்டு நிக்குது, அதுல பட்டு பால் எகிறி ஒரு பையனுக்கு ஒதடு கிழிஞ்சுது. மேட்ச் டைமிங்கை சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வாட்ஸ்அப்ல போடுவாங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு ரிப்போர்ட் பண்ணணும், பட்டறை வச்சிருக்கிறவன் கடைசி நேரத்துல ஆளுக்கு எங்க போவான்.

இன்னொன்னு எனக்கு ரொம்ப உறுத்துறது. பேரன்ட்ஸ் கத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு, அசிஸ்டன்ட் ஒருத்தர் நெட்ஸ்ல புள்ளைங்களை "எருமை, எங்க பாக்குற"ன்னு கத்துறாரு. மெயின் கோச் இருக்கும்போது அடக்கி வாசிப்பாரு, இல்லாதப்ப பழையபடி. அப்பனுக்கு ஒரு சட்டம் அசிஸ்டன்டுக்கு ஒரு சட்டமான்னு நேராவே கேட்டேன், ஒரு நாள் கழிச்சுத்தான் கேட்டேன், ரூல் படி. பேசுறேன்னாரு. போன வாரம் அந்த அசிஸ்டன்ட் வாயில கமர்கட்டு இருந்துது, பேசியிருப்பாரு போல. எத்தன நாளைக்குன்னு பாக்கணும்.

டீ ஷர்ட் ஸ்பான்சர் பண்ண ஒரு அப்பா இருக்காரு, அவரு மட்டும் மூணு தடவை கயிறை தாண்டி உள்ள போயிட்டாரு, அவருக்கு பாட்டில் ரொப்புற தண்டனை குடுக்கல. மத்தவங்களுக்கு இது கடுப்பு, எனக்கும்தான், நான் இருபத்தி ரெண்டு ரொப்பியிருக்கேன். ஆனா அதுக்கப்புறம் கோச் ஒரு வேலை பண்ணாரு, அவரை கூப்பிட்டு ஸ்கோர் புக்கை கையில குடுத்துட்டாரு. ஸ்கோர் எழுதுறவன் ஒவ்வொரு பாலுக்கும் புள்ளி வைக்கணும், பௌலர் கணக்கு தனி, எக்ஸ்ட்ரா தனி, தலையை தூக்க நேரம் இருக்காது, கத்துறதெங்க. இப்ப அவரு கத்துறது ஒன்னுதான், "அம்பயர், அது 'பை'யா, 'லெக் பை'யா".

வீட்டுக்கு போற வழி ரூல் பத்தி சொல்லாம விட்டா முழுசா இருக்காது. மொத ரெண்டு மாசம் நான் பல்லை கடிச்சுட்டு வண்டி ஓட்டுவேன், அவளும் பேச மாட்டா, நான் எப்ப ஆரம்பிப்பேன்னு காத்துட்டு இருந்திருப்பா. செப்டம்பர்ல ஒரு நாள் மூணு ஓவர்ல முப்பத்தி நாலு ரன் குடுத்துட்டா, செம அடி. வர வழியில தள்ளுவண்டியில நிறுத்தி தட்டுவடை செட் வாங்கிக் குடுத்தேன், எனக்கு காரம் தூக்கலா, அவளுக்கு பீட்ரூட் ஜாஸ்தியா. ரெண்டு பிளேட் ஆச்சு, நான் கம்முனு சாப்பிட்டேன், நாக்கு நுனியில நிக்குது, ஏன் ஷார்ட்டா போட்டன்னு. மூணாவது பிளேட்ல அவளே "அப்பா, பால் கையில வேர்வையில வழுக்குது, நாளைக்கு கர்ச்சீப் வாங்கணும்"னா. அப்புறம் கீப்பருக்கு ஆட்டத்துக்கு நடுவுல பல்லு விழுந்த கதை, கிரவுண்டுக்குள்ள நாய் வந்து பாலை தூக்கிட்டு ஓடுன கதை, வீடு வர்ற வரைக்கும் நிறுத்தல. நாய் விஷயம் எனக்கு தெரியவே தெரியாது, அந்த நேரம் நான் அவ பௌலிங் கணக்கை போன்ல போட்டுட்டு இருந்திருக்கேன்.

ஞாயித்துக்கிழமை வயித்து வலி நின்னுடுச்சு. ஆட்டம் பெருசா மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், இன்னும் காலை முன்னாடி போடுறதில்ல.

அஞ்சுக்கு நாலு. புடிச்ச ஒன்னு பாத்ரூமுக்கு, கட்டுனதும் திருப்பி குடுத்துடறேன்.

போறவங்களுக்கு சில விஷயம். வண்டியை மெயின் ரோட்டுலயே விட்டுடுங்க, உள்ள மழைக்கு சேறு. தொப்பி எடுத்துட்டு போங்க, நிழல்ங்கிறது ஸ்கோரர் டேபிளுக்கும் அந்த வேப்பமரத்துக்கும் மட்டும்தான். பல்லுல கேப் போட்டவங்க கமர்கட்டு வாங்காதீங்க, எனக்கு அக்டோபர்ல கேப் கழண்டு நாலு ரோடு பக்கத்துல பல் டாக்டர்கிட்ட 3,500 அழுதேன். கோச்சுகிட்ட சொன்னதுக்கப்புறம் டப்பால ஒரு பக்கம் தேன் மிட்டாயும் வச்சிருக்காரு, ஆனா அது ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சுடும், ஒரு ஓவருக்குக்கூட தாங்காது.